கண்ணாடிக்குப் பின்னால் வனத்து அந்தோணியார்

பாரிஸ் நகரில் செய்ன் ஆற்றங்கரையில், ஐஃபெல் கோபுரத்துக்கு மிக அருகில், 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்கா, ஓசியானியா, ஆசியா, அமெரிக்கா ஆகிய நிலப்பரப்புகளின் மக்கள் படைத்த பொருள்கள் அங்கே உள்ளன. அதற்குப் பெயர் சூட்டுவதே பெரும் சிக்கலாயிற்று. முதலில் ‘முதற்கலைகள்’ என்ற சொல்லைப் பலர் விரும்பினர். மற்றவர்கள் மறுத்தனர். முதற்கலை என்றால் பின்வந்த கலை யாருடையது, நம்முடையதா என்று கேட்டனர். அதற்கு முன் வழங்கிய சொற்களோ இன்னும் இழிவானவை. முடிவில், கட்டடம் நிற்கும் கரைச்சாலையின் பெயரையே அருங்காட்சியகத்துக்கும் வைத்துவிட்டனர்: கே பிரான்லி. அதை எழுப்பக் காரணமாயிருந்த குடியரசுத் தலைவர் ழாக் சிராக்கின் பெயர் 2016-இல் அதனுடன் சேர்க்கப்பட்டது. ஆதாம் செய்த முதற்பணி உயிர்களுக்குப் பெயரிடுவது என்கிறது தொடக்கநூல். பெயரிட இயலாமல் முகவரியைப் பெயராக வைத்துக்கொண்ட இந்த இல்லம், உள்ளே இருப்பவை எவை என்பதில் தனக்கே தெளிவில்லை என்பதை வாசலிலேயே அறிவித்துவிடுகிறது. அது நேர்மைதான் என்பேன்.

பிரான்சு நாட்டுப் பங்கு ஒன்றில் கோடைகாலப் பணிக்காகத் தங்கியிருந்த நாள்களில் இருமுறை அங்கே சென்று, ஒவ்வொரு முறையும் அரைநாள் செலவிட்டேன். கலை விமரிசகன் அல்லன் நான். பீடத்துக்கும் சுரூபத்துக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒருவன் இப்பொருள்களைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதையே இங்கு எழுதுகிறேன்.

கட்டடத்தை வரைந்தவர் ழான் நுவேல். தெருவின் இரைச்சலை உயர்ந்த கண்ணாடிச் சுவரால் தடுத்து, உள்ளே மரமும் நாணலும் அடர்ந்த ஒரு தோட்டத்தை அமைத்திருக்கிறார்கள். தோட்டத்தின்மேல் கட்டடம் தூண்களில் நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடியாலான வட்டக் கோபுரம் ஒன்று தளம் தளமாக உயர்கிறது. அதற்குள் 9,000-க்கும் மேற்பட்ட இசைக் கருவிகள் அடுக்கப்பட்டுள்ளன. பறைகள், முழவுகள், யாழ்கள் எல்லாம் வாய்மூடிக் கிடக்கின்றன. பிறகு நீண்டு வளைந்து செல்லும் சரிவுப் பாதையில் மேலே ஏறினால் காட்சிக்கூடம். தொகுப்பிலுள்ள மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களுள் ஏறத்தாழ 3,500 மட்டுமே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

கூடத்துக்குள் இருட்டு. கண் பழகச் சில நிமிடங்கள் ஆகின்றன. இருளில் ஆங்காங்கே ஒளிக்கற்றை விழ, அதில் ஒரு முகமூடி, ஒரு ஈட்டி, ஒரு முன்னோர் உருவம். சாளரக் கண்ணாடிகளில் காட்டு மரங்களின் படங்கள் அச்சிடப்பட்டுள்ளன. நடுவே செல்லும் தாழ்ந்த சுவர்கள் தோல் போர்த்தியவை. விளக்கச் சீட்டுகளோ குனிந்து தேடிப் படிக்கவேண்டிய இடங்களில் உள்ளன. துணியும் இறகும் வெளிச்சத்தில் கெடும் என்பது உண்மை. ஆயினும் இந்த இருள் பாதுகாப்புக்காக மட்டும் வந்ததன்று. பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு நடுக்கத்தை எழுப்புவதற்காக அமைக்கப்பட்டது. அரண்மனையும் சட்டமும் வரிவசூலும் கொண்டிருந்த அரசுகளின் பொருள்களையும், எழுத்தும் நூலும் கொண்டிருந்த மக்களின் பொருள்களையும் ஒரே காட்டுக்குள் நிறுத்திவைத்தால், பார்ப்பவர் தம் வீட்டுக்கு எடுத்துச்செல்வது காட்டின் நினைவையே. ஐரோப்பியரின் ஓவியங்களை வெளிச்சமான கூடத்திலும் பிறர் கைவினையை மாலைமயக்கத்திலும் வைப்பதில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

குறை கூறினேனே தவிர, அங்கே பார்த்த சில உருவங்களின் முன் என்னால் எளிதில் நகர முடியவில்லை. ஆப்பிரிக்கப் பகுதியில் மாலி நாட்டிலிருந்து வந்த மரச்சிலை ஒன்று, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. தாடியும் மார்பகங்களும் ஒருங்கே கொண்ட உருவம். ஒரு கை விண்ணை நோக்கி உயர்ந்திருக்கிறது. அது மழை வேண்டி உயர்த்திய கை என்று கருதுகிறார்கள். வறண்ட நிலத்தில் பிறந்த எவருக்கும் அதற்கு விளக்கச் சீட்டு தேவையில்லை. மழைக்காகச் சிறப்புத் திருப்பலி வைக்கச் சொல்லி நம் விவசாயிகள் பங்குப் பணியாளரிடம் வந்து நிற்பதில்லையா? அந்தக் கையை மட்டுமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பாகுபாடும் உண்டு. அதே பாரிசில் கிமே என்ற மற்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி அங்கேதான் உள்ளது. அதாவது, ஆசியாவின் பெருஞ்சமயக் கலைகள் கிமேயில். ஆசியப் பழங்குடிகளும் நாட்டுப்புற மக்களும் நெய்தவை, அணிந்தவை, வழிபட்டவை பெரும்பாலும் கே பிரான்லியில். மேட்டுக்குடிக் கலைக்கு ஒரு வீடு, மற்றோர் கலைக்கு ஒரு வீடு. இந்த ஏற்பாட்டைக் கண்டு நாம் ஐரோப்பியரை மட்டும் குறைகூற முடியுமா? நம் ஊர்களின் தெரு அமைப்பே அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய இரண்டு பொருள்களுக்கு வருகிறேன். இரண்டும் ஒரே பயணத்தில் பாரிசுக்கு வந்தவை.

1931 முதல் 1933 வரை, மார்செல் கிரியோல் என்ற மானிடவியலாளர் தலைமையில் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள தக்காரிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள ஜிபூத்தி வரை பயணம் செய்தது. ஏறத்தாழ 3,500 பொருள்களை அக்குழு திரட்டிவந்தது. குழுவின் செயலராகச் சென்ற எழுத்தாளர் மிஷெல் லெரிஸ் நாள்தோறும் எழுதிய குறிப்புகள் 1934-இல் நூலாக வெளிவந்தன. 1931 செப்டம்பரில், இன்றைய மாலி நாட்டிலுள்ள கெமெனி என்ற ஊரில் நடந்ததை அதில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அவ்வூர் மக்கள் ஒரு குடிசையில் ‘கோனோ’ என்ற திருப்பொருளை வைத்துக் காத்துவந்தனர். அதைத் தரும்படி கேட்டபோது அவர்கள் இசையவில்லை. தராவிட்டால் காவலர்கள் வந்து ஊர்ப் பெரியவர்களைப் பிடித்துச் செல்வார்கள் என்று அச்சுறுத்தி, பத்து பிராங்கைக் கொடுத்துவிட்டு, குழுவினர் தாங்களே அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். அதைக் கண்ட மக்கள் அஞ்சி விலகினார்கள்.

அக்குழு அப்பகுதியில் எடுத்துக்கொண்ட பொலி என்பது பார்வைக்கு அழகான பொருளன்று. விலங்கின் வடிவைக் குறிப்பாக உணர்த்தும், கறுத்துத் தடித்த ஒரு திரள். மண்ணும் மெழுகும் பலிகளின் குருதியும் சேர்ந்து உறைந்தது. நம் களத்துமேட்டில் ஒலிக்கும் பொலி என்ற சொல்லோடு அதற்கு ஒலியால் மட்டுமே உறவு. ஆனால் இதுவும் பெருகும் பொருள்தான். ஒவ்வொரு பலியின்போதும் அதன்மேல் ஒரு படலம் கூடுகிறது. அதாவது, ஓர் ஊரின் வேண்டுதல்களும் அச்சங்களும் நேர்ச்சைகளும் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் படிந்துள்ளன. கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த நாளோடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதைச் ‘சிற்பம்’ என்று அழைப்பவர்கள் அந்த நின்றுபோன நிலையையே அதன் முழுமை என்று கொள்கிறார்கள்.

குருதிப் பலியை நான் ஏற்கவில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தைப் படித்த எவரும் ஏற்க முடியாது. எனினும், ஒரு பலிபீடத்தைப் பலிபீடமென்று அறிந்துகொண்டே மறுப்பது வேறு. அது வெறும் வடிவம் என்று சொல்லி மெச்சுவது வேறு. முதலாவதில் எதிரே நிற்பவன் மனிதனாக மதிக்கப்படுகிறான். பவுலடியார் ஏதென்சு நகரத் தெருக்களில் சுற்றிவந்து, அம்மக்கள் வழிபட்டவற்றை உற்றுப் பார்த்த பிறகே பேசத் தொடங்கினார். அவர் அவற்றைப் புகழவில்லை. தூக்கிக்கொண்டும் போகவில்லை.

லெரிஸ் தம் செயலுக்கு வெட்கப்பட்டார் என்பது அவர் நூலைப் படித்தால் விளங்கும். உடன் சென்றவர் கிரியோல் அந்நூல் வெளிவந்ததை விரும்பவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிக் குருமடத்தில் கற்றது நினைவுக்கு வருகிறது. களவு செய்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. அறிக்கையிட்டால் மட்டும் போதாது. எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன். லெரிஸின் நூலில் மனவருத்தம் உண்டு, அறிக்கையும் உண்டு. பொலி பாரிசிலேயே இருந்துவிட்டது.

அடுத்தது கோண்டார். எத்தியோப்பியாவின் பழைய தலைநகரான அங்கே அப்பா அந்தோனியோஸ் பெயரில் ஒரு கோவில் இருந்தது. நாம் வனத்து அந்தோணியார் என்று அழைத்து, கால்நடைகளை மந்திரிக்கவும் தீராத நோய் தீரவும் நேர்ந்துகொள்கிறோமே, அவரேதான். கோவிலின் உட்சுவர்களில் துணியில் தீட்டி ஒட்டப்பட்ட பழைய ஓவியங்கள் இருந்தன. 1932-இல் அக்குழு அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தது. ஓவியங்கள் சிதைந்துவருகின்றன, ஈடாகப் புதியவற்றைத் தருகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். காஸ்தோன் லூயி ரூ என்ற பிரெஞ்சு ஓவியர் படியெடுத்துத் தீட்டிய நகல்கள் மூல ஓவியங்களுக்குப் பதிலாகக் கோவிலில் வைக்கப்பட்டன. மூலங்கள் பாரிசுக்கு வந்தன. இன்று கே பிரான்லியின் ஆப்பிரிக்கப் பகுதியில் சிறிய அறை ஒன்றில் அவை காட்சியளிக்கின்றன.

முகமூடிகளையும் ஈட்டிகளையும் கடந்து அந்த அறைக்குள் நுழையும் கத்தோலிக்கர் எவரும் ஒரு கணம் தடுமாறுவார். சுவரெங்கும் அகன்ற விழிகள். குதிரைமேல் அமர்ந்த புனிதர்கள். எத்தியோப்பிய மரபில் நல்லோருக்கு முழுமுகமும் இரு கண்களும் உண்டு. தீயோரைப் பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணோடு தீட்டுவார்கள். ஆகவே புனிதர் எல்லாரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். கை தானாகவே நெற்றிக்குச் செல்கிறது. சிலுவை அடையாளம் வரையலாமா, இங்கே அது பொருந்துமா என்ற ஐயம் அடுத்த நொடியே எழுகிறது. அந்த ஐயம்தான் இந்த அருங்காட்சியகத்தைப் பற்றிய ஆகச் சிறந்த விமரிசனம். அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் பொலியின் முன் வந்து நின்றால் என்ன உணர்வார் என்பது அதுவரை நமக்குக் கற்பனை. இந்த அறையில் அது அனுபவம் ஆகிறது. இருளில் ஒளியூட்டி வைக்கப்பட்டிருக்கும் அந்தப் ‘பிற மக்கள்’ நாமும்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எத்தியோப்பிய மன்னர் எசானா கிறிஸ்துவை ஏற்றது 4-ஆம் நூற்றாண்டில். பிராங்கியரின் மன்னர் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்றது 5-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. பிரான்சுக்கு முன்னரே கிறிஸ்தவமான ஒரு நாட்டின் கோவில் ஓவியங்கள் ‘முதற்கலை’யாகக் காட்டப்படுகின்றன. முதல் என்ற சொல் இங்கே வேறொரு வகையில் பொருந்தித்தான் போகிறது!

787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களைக் குறித்துத் தீர்ப்பளித்தது. திருவுருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அதில் காட்டப்பெறும் புனிதரையே சென்றடைகிறது என்பதே அதன் சாரம். அப்படியானால் கோண்டாரில் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? பிரெஞ்சு ஓவியர் தீட்டிக் கொடுத்தவை கலைச் சந்தையின் கணக்கில் வெறும் நகல்கள். ஆனால் அவற்றின் முன் ஒரு மூதாட்டி தலைவணங்கி, தூபம் எழுந்த அந்த நாளிலேயே அவை திருவுருவங்கள் ஆயின. மூலங்களோ பாரிசில் ஓவியங்கள் ஆயின. விலைமதிப்பு பாரிசிலும் வழிபாடு கோண்டாரிலுமாகப் பிரிந்துவிட்டது. இந்தக் கோணத்தில், ஏமாற்றப்பட்டவர்கள் கோண்டார் மக்கள்தாமா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. உடைமையை இழந்தவர்கள் அவர்களே, அதில் மாற்றமில்லை. ஆனால் எடுத்துச்சென்றவர்கள் எடுத்துச்செல்ல நினைத்தது பெட்டிக்குள் வந்துசேரவில்லை.

பாதுகாத்தோமே என்ற வாதம் உண்டு. அது பொய்யன்று. கரையானும் ஈரமும் போரும் அழித்திருக்கக்கூடியவை பல இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது அருங்காட்சியகங்களால்தான். நம் பங்குகளிலேயே பழைய மரப்பீடத்தைப் பெயர்த்தெடுத்து விறகாக்கிவிட்டுப் பளிங்குக் கல் பதித்ததையும், வண்ணம் உரிந்த சுரூபங்களை எடைக்குப் போட்டதையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச்சென்றவர் குணமான பின்னும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் மருத்துவம் அன்று.

திருச்சபையை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தை மட்டும் விசாரித்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். பசிபிக் பெருங்கடலில் மங்கரேவா என்றொரு தீவு. 1834-இல் பிக்புஸ் சபைக் குருக்கள் அங்கே வந்தனர். சில ஆண்டுகளுக்குள் தீவின் மரத் தெய்வ உருவங்கள் ஏறத்தாழ முழுவதும் தீக்கிரையாயின. தப்பியவை மிகச் சில; அவையும் அக்குருக்களே ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தமையால் தப்பியவை. அவற்றுள் ஒன்று வத்திக்கானில் உள்ளது. அவர்களுள் ஒருவரான ஒனோரே லவால் அத்தீவினரின் பழைய வாழ்வையும் நம்பிக்கைகளையும் விரிவாக எழுதியும் வைத்தார். எரித்த கையும் எழுதிய கையும் ஒன்று! கே பிரான்லியின் ஓசியானியப் பகுதியில் நடந்தபோது இதை நான் மறக்க இயலவில்லை.

1925 யூபிலி ஆண்டில் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் வத்திக்கானில் மறைபரப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். உலகெங்கும் உள்ள மறைபரப்புத் தளங்களிலிருந்து ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஏறத்தாழ 40,000 அங்கேயே தங்கி, ஓர் இனவியல் அருங்காட்சியகம் உருவாயிற்று. அவை திருத்தந்தைக்கு மக்கள் அளித்த காணிக்கைகள் என்பதே வழக்கமான விளக்கம். தம் சடங்குகள் அரசாணையால் தடைசெய்யப்பட்டு, தம் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில் ஒருவர் அளிப்பது காணிக்கையாகுமா என்று கனடாவின் பூர்வகுடியினர் கேட்டனர். 2023 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கு விடையாக ஏழாம் கட்டளையை நினைவூட்டினார். 2025 நவம்பரில் திருத்தந்தை 14-ஆம் லியோ 62 பொருள்களைக் கனடா நாட்டு ஆயர்களிடம், பூர்வகுடியினரைச் சென்றடையும் வகையில் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்று துருவப்பகுதி மக்களின் தோணி. 100 ஆண்டுகள் கடந்து அது வீடு திரும்பியது.

கே பிரான்லியும் கல்லாக இருக்கவில்லை. 2012 சனவரியில், பச்சை குத்திப் பதப்படுத்தப்பட்ட மவோரி முன்னோரின் 20 தலைகள் அங்கே நடந்த சடங்கில் நியூசிலாந்தினரிடம் ஒப்படைக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிகளுக்கு மாற்றாக ஐரோப்பியர் வாங்கிக் குவித்தவை அத்தகைய தலைகள். இறந்தோரை அடக்கம் செய்வது நமக்கு இரக்கச் செயல்களுள் ஒன்று. இதில் கலை விவாதத்துக்கே இடமில்லை. 2021 நவம்பரில், படைத்தலைவர் தோத்ஸ் 1892-இல் அபோமே அரண்மனையிலிருந்து கொள்ளையிட்ட பொருள்களுள் 26 பெனின் நாட்டுக்குத் திரும்பின. அவற்றுக்காகத் தனிச்சட்டம் ஒன்று 2020 டிசம்பரில் இயற்ற வேண்டியிருந்தது. பிரெஞ்சு அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த பொருள் எளிதில் வெளியேற முடியாது. இங்கே தமிழர் ஒரு முன்னோடி வழக்கை நினைக்கலாம். இலண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராசருக்காக நடந்த வழக்கில் கோவிலின் தரப்பு வென்று, 1991-இல் திருமேனி நாடு திரும்பியது. கோவிலுக்கு உரிமை உண்டு என்று அயல்நாட்டு நீதிமன்றமே ஏற்ற வழக்கு அது.

எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விற்றவையும் உண்டு, அன்பளிப்பாகத் தந்தவையும் உண்டு. எதை எப்படிப் பெற்றோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். 2025-இல் கே பிரான்லி, அந்த தக்கார்–ஜிபூத்திப் பயணத்தையே மறுவிசாரணை செய்யும் கண்காட்சியை ஆப்பிரிக்க ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தியது. பயணம் சென்ற ஊர்களுக்கு மீண்டும் சென்று, அங்குள்ளோரைக் கேட்டறிந்து உருவாக்கிய கண்காட்சி அது. காலம் கடந்து வந்த முயற்சி. ஆயினும் சரியான முயற்சி. மற்றொரு வழியையும் இலண்டன் காட்டுகிறது. 1868-இல் எத்தியோப்பியாவின் மக்தலாவில் கொள்ளையிடப்பட்ட திருப்பீடப் பலகைகள் 11 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை அருங்காட்சியகத்தார் காட்சிக்கு வைப்பதில்லை, தாங்களும் பார்ப்பதில்லை. எத்தியோப்பியக் குருக்களுக்கு மட்டுமே பார்க்க உரிமை. திருப்பித் தராத குற்றம் நிற்கிறது. ஆனால் பார்க்கக்கூடாத ஒன்று உலகில் உண்டு என்பதை அந்த மூடிய அறை ஒப்புக்கொள்கிறது. கே பிரான்லியின் ஒளிக்கற்றைகளுக்கு அது இன்னும் புரிந்ததாகத் தெரியவில்லை.

பாரிசில் புதுவையிலிருந்தும் ஈழத்திலிருந்தும் சென்ற நம் மக்கள் பலர் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு விருந்தினராகச் செல்வோர் ஐஃபெல் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து இந்த அருங்காட்சியகம் நடந்து செல்லும் தொலைவுதான். திங்கட்கிழமை விடுமுறை. கோண்டார் ஓவியங்கள் உள்ள சிற்றறை ஆப்பிரிக்கப் பகுதியில் ஒதுங்கியிருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சென்ற இருமுறையும் மக்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகமூடிகளின் பக்கம் போய்விட்டார்கள்.